கல்யாணம் நடக்கவில்லை, மொய் மட்டும் நடந்துவிட்டது: ஒரு பாம்பன் பெண்ணின் ஜெர்மனிக் கதை

மண்டபத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒரு காதல் நகைச்சுவைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து முடித்துவிட்டேன், ஆறாவதில் கை நின்றுவிட்டது. நம் கடற்கரை ஆட்கள் நாலு பேர் படித்துத் தட்டிச் சொன்னால் மேலே நகரும் என்று இங்கே வந்திருக்கிறேன்.

கதை இதுதான். நாயகி நிர்மலா, பாம்பன் தெற்குவாடிக்காரி, நர்ஸ், வயது 29. அப்பா சூசை நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. விடியற்காலை கடலுக்குப் போக வேண்டியவர்கள், நாளைக்கு வர முடியாது என்று அப்போதே மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறார்கள். 43 பேர் எழுதி முடித்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். கல்யாணம் இல்லை. மறுநாள் சூசை மொய்ப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஒருவரும் வாங்கவில்லை. "எழுதினது எழுதினதுதான் சூசை. புள்ளைக்கு என்னைக்கு நடக்குதோ அன்னைக்கு நடக்கட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அவள் ஜெர்மன் படித்து, குக்ஸ்ஹாஃபன் என்ற ஊரில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். எல்பே ஆறு வடகடலில் சேரும் இடம் அது. இரண்டு பெட்டி, கூடவே அந்த மொய் நோட்டு. 43 வீட்டிலும் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டுமே. ஒரு அத்தியாயத்துக்கு மூன்று நாலு பெயர் நோட்டில் அடிபடும்.

அந்தப் பக்கத்து ஜெர்மன்காரர்கள் காலையோ ராத்திரியோ யாரைப் பார்த்தாலும் "மொய்ன்" என்பார்கள். வணக்கம் மாதிரி. மொய்க்குப் பயந்து ஊரை விட்டு வந்தவளைப் பார்த்து ஊரே மொய், மொய் என்கிறது. இது தெரிந்த அன்றைக்குத்தான் கதையே எனக்குப் பிறந்தது.

முதல் அத்தியாயம்: போய் இறங்கிய மறுநாள் காலை ஜன்னலைத் திறக்கிறாள், கடலைக் காணோம். சேறு மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. சுனாமி என்று நினைத்து அலறிக்கொண்டு மாடிப்படியில் ஓடுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கேட்க வேண்டியது இரண்டு. இந்தத் தொடக்கம் சரியாக வருகிறதா? நாயகன் அந்த ஊர் ஆளா, தமிழ் ஆளா?

பனங்காடு எழுதியது:

சாயல்குடியிலிருந்து. மொய்ன் விஷயம் அருமை. ஆனால் நிர்மலா அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதாதீர்கள். ஒரு வருஷம் ஜெர்மன் படித்தவளுக்கு அது வணக்கம் என்று தெரியாதா? அம்மா தப்பாகப் புரிந்துகொள்ளட்டும். வீடியோ காலில் மகள் தெருவில் நடக்கிறாள், எதிரே வருகிற மூன்று பேரும் மொய்ன், மொய்ன் என்கிறார்கள். அம்மா கேட்கிறார்: "அங்க யாருக்குடி கல்யாணம்?" அந்த வீட்டில் கல்யாணம் என்ற சொல்லே மாதக்கணக்காக யார் வாயிலும் வராமல் இருந்திருக்கும். சிரிப்பும் வரும், அடுத்த நொடி இரண்டு பேரும் பேச்சற்றுப் போவார்கள்.

மண்டபத்துக்காரி எழுதியது:

இப்போதே எழுதிக்கொண்டேன். நன்றி அண்ணே.

தென்கடல் எழுதியது:

தங்கச்சி, கதை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். அந்த முதல் அத்தியாயம் நம் பெண்ணாக இல்லை.

தெற்குவாடியில் பிறந்தவளுக்குக் கடல் உள்வாங்குவது புதுசா? வாடைக்காற்று காலத்தில் நம் வடகடல் பக்கம், அதாவது பாக் நீரிணையில், எத்தனை தரம் உள்வாங்குகிறது, படகெல்லாம் தரைதட்டி ஒருக்களித்துக் கிடக்கிறது, டிவிக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். நாம் பீதியடைகிறோமா? காற்று திரும்பினால் தண்ணீர் திரும்பும் என்று வலையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம் ஊரில் கடல் ஏறுகிற ஏத்தத்துக்கும் இறங்குகிற வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. உள்வாங்கினால் நூறு அடி, முந்நூறு அடி. அந்த ஊரில் மூன்று மீட்டர் என்றும், தரை சப்பட்டையாக இருப்பதால் கிலோமீட்டர் கணக்கில் கடல் போய்விடும் என்றும் படித்திருக்கிறேன். அப்படிப் போனால் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். 2004 டிசம்பரில் இலங்கை குறுக்கே நின்றதால் நம் பக்கம் பெரிதாகத் தப்பியது. ஆனால் நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலைப் பற்றி எங்கள் ஆத்தா சொல்லாத வாடை மாதம் இருந்ததில்லை. ஆகவே அவள் பயப்படட்டும். ஆனால் பயந்தால் என்ன செய்வாள் என்பதுதான் கேள்வி.

மாடிப்படியில் அலறிக்கொண்டு ஓடுகிறவள் கடல் தெரியாதவள். கடல்காரி முதலில் பார்ப்பது உள்ளே யாராவது நிற்கிறார்களா என்பதைத்தான். நின்றால் அவர்களைக் கரைக்கு இழுக்கப் போவாள். ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டுப் பெண் வெளிநாட்டில் முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற கதை நமக்கு வேண்டாம். எல்லாம் தெரிந்தவள் அவள். தெரிந்தது அங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது. சிரிப்பு அதிலிருந்து வரட்டும்.

மண்டபத்துக்காரி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தரம் படித்தேன். முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். திரும்ப எழுதி இங்கேயே போடுகிறேன், இரண்டு நாள் கொடுங்கள்.

வடகரைச் செவிலி எழுதியது:

நான் தங்கச்சிமடம். ஆறு வருஷமாக வட ஜெர்மனியில் நர்ஸ். இழையைப் பார்த்ததும் நைட் டியூட்டி முடிந்த தூக்கமே போய்விட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மொழி: விசாவுக்குப் பொதுவாக ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 என்ற நிலை, முழு நர்ஸாக அங்கீகாரம் வாங்க அதற்கு மேலான பி2. அதுவரை உதவியாளர்தான். ஊரில் ஐசியூ பார்த்தவள் இங்கே முதல் மாதங்களில் படுக்கை விரிப்பு மாற்றுவாள், சாப்பாடு ஊட்டுவாள். ஊருக்குப் போனில் இதைச் சொல்ல மாட்டாள். நானும் சொன்னதில்லை. உங்கள் கதையில் இது இருக்க வேண்டும்.

பெயர்: இதுதான் நான் எழுத வந்ததே. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயர் இடத்தில் போட்டிருப்போம். இங்கே வேலையிடத்தில் பெரும்பாலும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே நிர்மலா இங்கே நிர்மலா இல்லை, "ஃப்ராவ் சூசை". திருமதி சூசை என்று சொல்கிற மாதிரி. பேட்ஜில் சூசை, டியூட்டி அட்டவணையில் சூசை, வீட்டு அழைப்பு மணியில் சூசை. பாம்பனில் "சூசை மக" என்று கூப்பிட்டவர்களை விட்டுத் தப்பி ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தால் இங்கே நேராகச் சூசை என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு முதல் வாரம் அப்பா பெயர் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன், அப்பா நிற்கிறாரோ என்று. வயசான நோயாளிகள் மட்டும் "ஷ்வெஸ்டர்" என்பார்கள். நம் ஊர் சிஸ்டர்தான் அது.

கருவாடு: எப்படியும் யாராவது விமான நிலையத்தில் கருவாட்டைப் பிடுங்கிப் போடுகிற காட்சி எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு மீன் 20 கிலோ வரை கொண்டுவரலாம், கருவாடு உட்பட. பிடுங்குவது நெய்யையும் பால்கோவாவையும்தான். இறைச்சி, பால் பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது. அம்மா பயந்து பயந்து நாலு பாலித்தீன் சுற்றிய சீலாக் கருவாடு ஜம்மென்று உள்ளே போகும், மேலாகத் தைரியமாக வைத்த பால்கோவா குப்பைக்குப் போகும். உண்மையே போதுமான வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனி சாயங்காலம் பால் வாங்க மறந்தால் திங்கள் வரை கட்டங்காப்பிதான். ஞாயிறு மதியம் மிக்ஸியில் தேங்காய் அரைத்தால் கீழ்வீட்டில் கதவைத் தட்டுவார்கள்.

அப்புறம் இறால். குக்ஸ்ஹாஃபன் பக்கம் சின்னதாக, பழுப்பாக ஒரு இறால் பிடிக்கிறார்கள். படகிலேயே கடல் தண்ணீரில் வேகவைத்துத்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். அதை உரிக்க ஆள்கூலி கட்டாது என்று பெரும்பகுதி மொராக்கோ வரை போய் உரிபட்டுத் திரும்பி வருகிறது. கரையில் உரிக்காமலும் வாங்கலாம். நம் பிள்ளைகள் இறால் கம்பெனியில் தலை கிள்ளி வளர்ந்தவர்கள். ஒரு கூடையைப் பத்து நிமிஷத்தில் முடிப்பேன் என்று நிர்மலா உட்காரட்டும். முடியாது. நம் ஊரில் பச்சை இறாலைக் கிள்ளினால் வரும். வெந்த இறாலை நடுவில் பிடித்து லேசாக ஒரு திருகு திருகி, அப்புறம் இழுக்க வேண்டும். கிள்ளினால் கூழாகிவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எண்பது தாண்டிய ஒரு நோயாளி. கை நடுக்கத்தோடு எனக்கு முன்னால் இருபது உரித்துவிட்டார்.

வாப்பா மகள் எழுதியது:

கீழக்கரை. தென்கடல் காக்கா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று.

"தனியாக வெளிநாட்டில் புதிதாகத் தொடங்குகிறாள்" என்று எழுதும்போது, தனியாக இருப்பது அவளுக்குப் புதுசு என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஆம்பளைகள் சபர் போய்விடுவார்கள். முந்தி கொழும்பு, மலேயா, இப்போது துபாய், சவூதி. வீட்டைக் கட்டியது, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்தது எல்லாம் உம்மாதான். எங்கள் ஊரில் வீடே பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உங்கள் பக்கம் ஆம்பளை கடலுக்குப் போகிறார், எங்கள் பக்கம் கடல் தாண்டிப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கி பாசி எடுக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தனிமை என்ன பயம் காட்டும்?

அவளுக்கு நிஜமாகவே புதுசு வேறு ஒன்று. யாருக்காகவும் இல்லாமல் தனக்கு மட்டும் சோறு வைப்பது. கால் படி அரிசி போட்டே பழகிய கை. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கப் பழைய சோறு தின்பாள். நான் ஷார்ஜாவில் வேலைக்குப் போன புதிதில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு டம்ளரை அளவாக வைத்து அதில் நெயில் பாலிஷால் கோடு போட்டேன். அந்த டம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மண்டபத்துக்காரி எழுதியது:

அந்தக் கோடு போட்ட டம்ளரை எனக்குக் கொடுத்துவிடுங்கள் ராத்தா. கதைக்குத்தான் கேட்கிறேன்.

வாப்பா மகள் எழுதியது:

எடுத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவான் எழுதியது:

வணக்கம். நான் ஜெர்மனியில் ஹம் நகரில் இருக்கிறேன். அப்பா அம்மா நெடுந்தீவு. வாசித்துக்கொண்டு வந்தேன், நாயகன் யார் என்ற கேள்விக்கு ஒருவரும் வடிவாக மறுமொழி சொல்லவில்லை. என்னைக் கேட்டால் எங்கட ஆளை வையுங்கோ. ஜெர்மனியில் ஈழத்துப் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் பேர் வளர்ந்திருக்கிறார்கள். நெடுந்தீவுக் குடும்பம், பிள்ளை வளர்ந்தது ஹம்மில், கடலில்லாத ஊர். தீவுக்காரன், நீந்தத் தெரியாது. நிர்மலாவோடு அதே மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறான்.

இரண்டு பேருக்கும் தமிழ். ஆனால் ஒரே தமிழ் இல்லை. உங்களுக்குப் "பேசுறது" என்றால் உரையாடுவது. எங்களுக்குப் "பேசுறது" என்றால் ஏசுவது. உரையாடினால் "கதைக்கிறது". அவள் வந்து, "அப்பா உங்ககிட்ட பேசணும்னு சொன்னார்" என்றால் பெடியன் வெளிறிப்போவான். "நான் என்ன பிழை செய்தனான், ஏன் பேசப் போறார்?" என்று ஒரு கிழமை போனை எடுக்கவே மாட்டான்.

இன்னொன்று. எங்கட ஆட்கள் சம வயதுக்காரரை, அதுவும் பிரியமானவரை, "நீர்" என்று சொல்லுவார்கள். நீயும் இல்லை, நீங்களும் இல்லை, இடையில். "நீர் சாப்பிட்டீரோ?" உங்கட பக்கம் அந்தச் சொல் இல்லை என்று நினைக்கிறேன்.

தென்கடல் எழுதியது:

இருக்கிறது தம்பி. செபத்தில் மட்டும் இருக்கிறது. "ஆண்டவரே நீர்" என்று. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை மேலே பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். அவளைப் பார்த்து ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு நிமிஷம் கை ஓடாது, கால் ஓடாது.

வடகரைச் செவிலி எழுதியது:

ஐயா, எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜெர்மனிலும் இதே கதைதான். "சீ" என்றால் நீங்கள், "டு" என்றால் நீ. ஒருவர் முறையாகக் கேட்டுத்தான் டுவுக்கு மாறுவார்கள். வார்டில் ஜெர்மனில் பேசும்போது அவன் அவளை ஃப்ராவ் சூசை, சீ என்பான். காரிடாருக்கு வந்து தமிழுக்கு மாறியதும் நீர். அந்தக் கதவுதான் எல்லை.

நெடுந்தீவான் எழுதியது:

இன்னுமொன்று சொல்ல வேண்டும், இது வேடிக்கை இல்லை. சூசையை நாட்டுப்படகுக்காரராக வைத்திருக்கிறீர்கள். அது உங்களுக்கு வசதி. எங்கட பக்கத்தில், உங்கட விசைப்படகுகள் கடலடியில் இழுத்துக்கொண்டு வாற இழுவைமடியால் வலை அறுந்தவர்கள் இருக்கிறார்கள். என்ர மாமா ஒரு இரவில் புது வலை முழுக்க இழந்தவர். ராமேஸ்வரத்துப் பெண் என்றால் எங்கட வீட்டில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு இரண்டு கரைக் காதல் எழுதினால் எனக்கு அது பொய்யாகத் தெரியும்.

பனங்காடு எழுதியது:

காதல் கதைக்குள் இந்தப் பிரச்சினை எதற்கு? ஆரம்பித்தால் கச்சத்தீவு வரை போகும். சிரிக்க வந்த வாசகர் ஓடிவிடுவார்.

தென்கடல் எழுதியது:

போகட்டுமே. நெடுந்தீவுத் தம்பி சொன்னது சரி. என் மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், இரண்டு முறை பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மாமாவின் வலை அறுந்ததும் அதே கடலில்தான். இலங்கை 2017இல் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நம் ஆட்கள் கடன் வாங்கிப் படகு கட்டியவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், உடனே விட முடியவில்லை. இரண்டு வீட்டிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு வீட்டிலும் அழுகை இருக்கிறது. சூசையை விசைப்படகில் கூலிக்குப் போகிறவராக மாற்று, தங்கச்சி.

பனங்காடு சொன்ன கச்சத்தீவையே எடுத்துக்கொள். வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்தோணியார் திருவிழா. ராமேஸ்வரத்திலிருந்து படகில் போகிறோம், பெயர் பதிந்தால் போதும், பாஸ்போர்ட் வேண்டாம். நெடுந்தீவிலிருந்து அவர்கள் வருகிறார்கள். அங்கே சூசையும் அந்த மாமாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரட்டும். பிள்ளைகள் விஷயம் இரண்டு பேருக்கும் தெரியாது. வலைக்காகச் சண்டை போடுவார்கள், நல்லா போடுவார்கள். கொடி இறங்கியபின் ஒருத்தர் சோப்பு வாங்கிக்கொள்வார், ஒருத்தர் சேலை வாங்கிக்கொள்வார், நம் பழைய வழக்கப்படி. பிரியும்போது சூசை சொல்வார், "என் மகள் ஜெர்மனியில் இருக்கா." மாமா சொல்வார், "என்ர மருமகனும் அங்கதான்." அவ்வளவோடு படகு ஏறிவிடட்டும். வாசகருக்கு மட்டும் தெரியும்.

பனங்காடு எழுதியது:

சரி, நான் வாபஸ். இந்தக் காட்சிக்காகவே அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படிப்பேன்.

மண்டபத்துக்காரி எழுதியது:

சூசையை மாற்றுகிறேன். நெடுந்தீவான், உங்கள் மாமாவைப் பற்றி எழுதும்போது உங்களிடம் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் போடுவேன்.

ஏழாம் அத்தியாயத்தில் உதவி வேண்டும். குக்ஸ்ஹாஃபனிலிருந்து நொய்வெர்க் என்ற தீவுக்கு வத்தத்தில் கடல் தரைமேல் நடந்தே போகிறார்கள், சுமார் பத்து கிலோமீட்டர். குதிரை வண்டியில் போவதும் பழைய வழக்கம். 2017இல் அரிச்சல்முனைக்கு ரோடு வருவதற்கு முன்னால் நாம் தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போனோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வழியில் உயரமான கம்பங்கள் நட்டு மேலே கூண்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறி மாட்டிக்கொண்டவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து தப்பிக்கலாம். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று பார்த்து வளர்ந்தவள், இங்கே கூண்டுக்குள்ளேயே ஏறி உட்காருகிறாள், பக்கத்தில் நீந்தத் தெரியாத அவன். தண்ணீர் இறங்க மணிக்கணக்காகும். காதல் அங்கேதான் வெளியே வர வேண்டும்.

சிக்கல், தென்கடல் ஐயா முன்பே சொன்னதுதான். கடல்காரி எப்படி நேரத்தைத் தவறவிடுவாள்? அவளை முட்டாளாக்காமல் எப்படி மாட்டவைப்பது?

வடகரைச் செவிலி எழுதியது:

மார்ச் கடைசி ஞாயிறு! அன்றைக்கு விடியற்காலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். குளிர்காலத்தில் நமக்கும் இங்கேக்கும் நாலரை மணி வித்தியாசம், அதற்கப்புறம் மூன்றரை. நான் முதல் வருஷம் டியூட்டிக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போனேன்.

பனங்காடு எழுதியது:

அப்படியென்றால் கணக்கு போடுங்கள். சூசை கொடுத்த கைக்கடிகாரம், அதில் அவள் ஊர் நேரத்தை மாற்றவே இல்லை. நாலரையைக் கழித்துப் பார்ப்பதுதான் பழக்கம். கடிகாரத்தில் நாலரை மணி, கழித்தால் பன்னிரண்டு, திரும்பி நடக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறாள். நிஜத்தில் மணி ஒன்று. செல்போனைக் குளிருக்குப் பயந்து பைக்குள் ஆழத்தில் வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் போய்விட்டது. அவள் கடலைத் தவறாகப் படிக்கவில்லை, ஊர் நேரத்தை விட முடியாததால் மாட்டிக்கொள்கிறாள்.

தென்கடல் எழுதியது:

பிரமாதம். ஆனால் தண்ணீர் வருவதை முதலில் பார்ப்பவள் அவளாகவே இருக்கட்டும். ஓடைகளில் தண்ணீர் முதலில் பின்பக்கமாக ஏறும், கரைக்கும் நமக்கும் நடுவில். தெரியாதவன் ஓடுவான். அவள் அவன் கையைப் பிடித்து, "ஓடாதீங்க, கூண்டுல ஏறுங்க" என்று சொல்வாள். அங்கே அவனுக்கு அவள்மேல் வந்தது மரியாதையா காதலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

நெடுந்தீவான் எழுதியது:

அந்தக் கூண்டுக்குள்ள இருந்து அவன் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கேட்கட்டும்: "நிர்மலா, நீர் பயந்திட்டீரோ?" ஃப்ராவ் சூசை இல்லை. பெயர் முதலில், பிறகு நீர்.

வாப்பா மகள் எழுதியது:

குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் ஒரு பழைய மேடை இருக்கிறது, கப்பல் பார்க்க எல்லோரும் அங்கேதான் நிற்பார்களாம். அதன் பெயர் "ஆல்டே லீபே". பழைய காதல் என்று பொருள். பெயர் அழகாக இருக்கிறதே என்று கடைசிக் காட்சியை அங்கே வைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தோன்றுவது அது. கடைசிக் காட்சி ஊரில் இருக்கட்டும். கல்யாணமாகவும் வேண்டாம், என் விருப்பம் அது. அவர்களுக்கு நிறைய நாள் இருக்கிறது.

வடகரைச் செவிலி எழுதியது:

அதை முதல் பாதியில் போடலாம். அந்த மேடைக்குப் பக்கத்தில் நூறு வருஷத்துக்கு மேலான ஒரு காற்றுக்காட்டி நிற்கிறது. தூரத்துத் தீவுகளில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று இரும்புக் கைகளால் காட்டும். பாம்பன் துறைமுகத்துக் கூண்டைப் பார்த்தவள் யாரையும் கேட்காமலே அது என்னவென்று கண்டுபிடித்துவிடுவாள். கூட வேலை பார்க்கிற உள்ளூர்ப் பெண்ணுக்கே அது தெரிந்திருக்காது.

மண்டபத்துக்காரி எழுதியது:

முதல் அத்தியாயம் திரும்ப எழுதியாகிவிட்டது. நடுவிலிருந்து ஒரு துண்டு:

சேற்றுக்குள் முந்நூறு அடி தள்ளி ஒரு கிழவி நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நாய். இரண்டும் கடல் போன பக்கமே போய்க்கொண்டிருந்தன.

நிர்மலா செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லை. சேறு கணுக்கால் வரை இழுத்தது. "ஏ ஆத்தா! ஏறு! கரைக்கு ஏறு!" ஜெர்மன் ஒரு சொல்கூட வரவில்லை. எட்டி முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கிழவியின் ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது. கிழவி சிவப்புக் காலுறையோடு ஒற்றைக் காலில் நின்று, அவளை மேலும் கீழும் பார்த்து,

"மொய்ன்" என்றாள்.

நாய் உட்கார்ந்தது. கிழவி கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்து, விரலால் ஒரு வரியைக் காட்டினாள். இன்றைய தேதி. கடல் போகிற நேரம், வருகிற நேரம். நாளைக்கும் இருந்தது. டிசம்பர் 31 வரை இருந்தது.

நிர்மலா காகிதத்தையே பார்த்தாள். கடல் எப்போது போகும், எப்போது வரும் என்று அச்சடித்துப் பையில் வைத்திருக்கிறார்கள். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். சேற்றை வழித்துவிட்டு, கிழவியின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, நோயாளிக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிட்டாள்.

"ஷ்வெஸ்டர்?" என்று கேட்டாள் கிழவி.

நிர்மலா தலையாட்டினாள்.

இதுதான். கடைசி அத்தியாயமும் முடிவாகிவிட்டது, வாப்பா மகள் ராத்தா சொன்னபடி ஊரில்தான். லீவில் வருகிறாள். நோட்டில் 43ஆவது பெயர், அவர் பேத்திக்குக் காதுகுத்து. மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் ஊர், பெயர் கேட்கிறார். பக்கத்திலிருந்த சித்தப்பா "பாம்பன் சூசைன்னு போடுப்பா" என்கிறார். நிர்மலா, "இல்ல, குக்ஸ்ஹாஃபன் நிர்மலான்னு போடுங்க" என்கிறாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, "எந்த ஊரு தாயி?" என்று கேட்கிறார். மூன்று தரம் சொல்லியும் "குச்சாப்பன் நிர்மலா" என்றுதான் எழுதுகிறார்.

வடகரைச் செவிலி எழுதியது:

டியூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். அந்தக் குதிகால்.

நெடுந்தீவான் எழுதியது:

மாமாவுக்குப் போன் எடுத்து கச்சத்தீவுக் காட்சியைச் சொன்னேன். கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தாளும் கடன்காரன்தானே" என்றார். எழுதுங்கோ, தங்கச்சி.

தென்கடல் எழுதியது:

நேற்று ராத்திரி என் அக்காவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. வாயே திறக்காமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "எவ்வளவு எழுதுச்சாம் அந்தப் புள்ள?"

மண்டபத்துக்காரி எழுதியது:

அவர் எழுதியது 501. இவள் எழுதியது 1001 என்று சொல்லுங்கள் ஐயா.